ஆபர்ன் தலை

குளியலறைக் கதவை மகள் மறுபடியும் தட்டினாள். கமா வெளியே வருவதாக இல்லை. கண்ணாடியில் தெரிந்த தலை செக்கச்செவேலென்று இருந்தது. கீழே தெரிந்த முகம் மட்டும்தான் தன்னுடையது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

கமா என்பது அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர். ஆங்கில அகராதிகளுக்கு ஆயுசு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை திருத்தியவர்; ஒரு காற்புள்ளிக்காக முதலாளியோடே மல்லுக்கு நிற்பார். ஓய்வு பெற்ற பிறகும் பட்டப்பெயர் அவரை விடவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு சாயப் பெட்டி வாங்கும்போது கோட்டை விட்டுவிட்டார்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஆபர்ன்னு போட்டிருந்துச்சு."

"அப்படின்னா செம்பட்டைப்பா! அகராதியவே கரைச்சுக் குடிச்சவருக்கு இது தெரியாதா?"

"தெரியும். ஆனா அதோட மூலம் லத்தீன். கிட்டத்தட்ட வெள்ளைன்னு அர்த்தம். அதான் சாயம் அடிச்சும் அடிக்காத மாதிரி லேசா இருக்கும்னு நெனச்சேன்."

"பெட்டிக்குள்ள லத்தீனா இருக்கு? சாயம்ப்பா!"

கமாவின் முகத்தில் அசடு வழிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அவர் ஒரு பெண்மணியைச் சந்திக்க வேண்டும். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல். அடுத்த மாதம் மகளும் கிளம்பிவிடுவாள். அப்பாவைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் அவள்தான் ஏற்பாடு செய்தாள். அந்தப் பெண்மணி பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தருபவர். மகளின் உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு உறை செய்ததில் பழக்கம். முதலில், "இந்த வயசுல எதுக்கும்மா கூத்து?" என்று பிகு பண்ணிய கமா, போட்டோவைப் பார்த்த பிறகு சத்தம் காட்டாமல் புதுச் சட்டை வாங்கி வந்தார். மனுஷர் ரொம்பவே ஆசைப்பட்டுவிட்டார். வெள்ளைத் தலையைப் பார்த்ததும், இந்தக் கிழவருக்குப் பணிவிடை செய்யவா என்று அந்தம்மா திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவரைச் சாயக் கடைக்குத் துரத்தியது.

"வேற நாள் வச்சுக்கலாமாப்பா?"

"சொன்ன நேரத்துக்குப் போகலன்னா அது இதைவிடக் கேவலம்மா."

மாப்பிள்ளையின் கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் கிளம்பினார்.

காப்பிக்கடையில் அந்தம்மா முன்பே வந்து சுவரோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தார்கள், காப்பி வந்தது. கமாவின் நெற்றியிலிருந்து வியர்வை ஆறாக ஓடியது. அதோடு சேர்ந்து செம்மண் நிறத்தில் ஒரு கோடு காதோரமாக இறங்கி, புதுச் சட்டையின் காலரைத் தொட்டது.

"சார், ரத்தம்!" அந்தம்மா பதறிப்போய் எழுந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. கமா குல்லாவைக் கழற்றினார்.

பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. "இப்படி வாங்க" என்று ஜன்னலோரம் கூட்டிப்போய், வெளிச்சத்தில் அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நிறம் பார்ப்பது அவருக்குச் சோறு போடும் வேலை.

"இதுக்கு என்ன பேர் சொன்னான் கடைக்காரன்?"

கமா சொன்னார். சொல்லத் தொடங்கினால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. லத்தீனில் வெளுப்பாக இருந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் வைக்கோல் நிறத்து முடியைத்தான் அப்படிச் சொன்னார்கள். "அப்புறம் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுத்துக்கூட்டினாங்க. அதுல சிலது பழுப்பைக் குறிக்கிற சொல் மாதிரியே இருந்துச்சு. பழுப்புன்னே நெனச்சுட்டாங்க. போகப்போக அது செம்பட்டையில வந்து நின்னுடுச்சு. அப்ப நான் மட்டும் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்!"

"நல்லவேளை நீங்க இல்ல. இவ்வளவு அழகான நிறத்துக்கு ஒரு பேர் இல்லாமப் போயிருக்கும்."

தான் கண்டுபிடித்த ஒரு பிழையை யாரும் கமாவிடம் இப்படிப் புகழ்ந்து பேசியதில்லை.

"வெள்ளை முடியப் பார்த்தா நீங்க பயந்துடுவீங்கன்னு நெனச்சேன்" என்று மென்று விழுங்கினார். "எனக்கு நர்ஸ் வேண்டாம்மா. சாப்பிடறப்போ எதிர்ல ஒரு ஆள் இருந்தாப் போதும்."

அந்தம்மா அவர் காலரில் இருந்த கறையைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். பிறகு, "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் பளிச்சுனு வெள்ளையாத்தான் பல் கேக்கறாங்க, சார்" என்றார். "நான் செய்யறதில்ல. பக்கத்துல இருக்கிற பல்லோட ஒத்துப்போகணும். அவ்வளவுதான் கணக்கு."

அப்புறம் தன் தலையின் வகிட்டைச் சற்றே குனிந்து காட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புச் சாயத்துக்கு அடியில் வெள்ளை பளிச்சிட்டது.

"உங்களைப் பார்க்க வரணுமேன்னு நேத்துதான் அடிச்சேன். அவசரத்துல அடி வரைக்கும் போகல."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர் இந்தத் தடவை திரும்பி முறைத்தார்.

கமா வீடு திரும்பியபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். செம்பட்டைத் தலை தெருவிளக்கில் தகதகக்க, அப்பா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்.

"குல்லா எங்கப்பா?"

"அவங்க பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. வெள்ளை வளர்ந்து வர்ற வரைக்கும் தலையை மூடக் கூடாதாம். நிறம் எப்படி மாறுதுன்னு வாரா வாரம் பார்க்கணுமாம்."