ராசா நாடகத்தை எழுதியவர்

மற்றவர் வீட்டு யன்னல்களில் எனக்கு அக்கறை அதிகம். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வீடுகளை இத்தனை நெருக்கமாகக் கட்டியது என் குற்றமா? 1937இல், பக்கத்து வீட்டு ஒஸ்வால்ட் நாடகம் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டதும் எட்டிப் பார்த்தேன்.

துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணிச் சத்தமாகச் சொல்வது அவர் வேலை. நாடகமோ, சமஸ்கிருதத்தில் நாடகங்கள் எழுதிய பழைய வடநாட்டு ராசாவைப் பற்றியது. அரசவைப் புலவர் எழுதியதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்று ஊர் பேச, ராசா வாய் திறவாமல் நிற்பதுதான் கடைசிக் காட்சி.

யன்னலுக்குள் ஒஸ்வால்ட் சாய்மனைக் கதிரையில் கண்மூடிக் கிடந்தார். கொப்பியை மடியில் வைத்து எழுதியது அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ்! ஒருநாளல்ல, ஒரு மாதம். ஒஸ்வால்டின் வாய் அசைந்தது உண்மைதான். செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் பாதிப்பேர் துறைமுகத்து ஆட்கள். எண்ணிக்கைக் கொப்பியில் யாருடைய கையெழுத்தோ, அவரே பொறுப்பு. அதற்குமேல் அங்கே பேச்சில்லை. அதனால் குழாயடியில் நான் சொன்னது உடனே எடுபட்டது.

"எழுதுறது பெண்சாதி. பேர் போடுறது புருசன். கொப்பியைப் பாருங்கோ!"

மேடையேற்றக் கொடுத்திருந்த கொப்பியை நாடக மன்றச் செயலாளர் யேசுரட்ணம் பார்த்தார். முழுக்கப் பெண் கையெழுத்து. நேரே ஒஸ்வால்ட் வீட்டுக்குப் போனார். கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் நானும் பின்னால் போனேன்.

"நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போகுது. உண்மையைச் சொல்லும் ஒஸ்வால்ட், எழுதினது ஆர்?"

கொன்ஸ்ரன்ஸ் வாயைத் திறந்தாள். ஒஸ்வால்ட் கையைக் காட்டி அடக்கினார்.

"கையெழுத்து அவவின்ரதானே. அவவின்ர பேரையே போடும்."

கறிவேப்பிலையை மறந்து ஓடினேன், தெருவுக்குச் சொல்ல.

நாடகத்தன்று கோயில் மண்டபம் நிரம்பியது. பேசாமல் நின்ற ராசாவுக்காக நான்கூட மூக்கைச் சிந்தினேன். எழுதிய வீட்டார் மட்டும் வரவில்லை. மறுநாள் நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் போனேன், குத்திக்காட்டத்தான்.

"அண்ணர், மனுசியின்ர பேரைப் பாத்தனீங்களோ?"

ஒஸ்வால்ட் அதை முகத்தருகே பிடித்து ஒரு வரியை விரலால் தடவினார். "வடிவா விழுந்திருக்கு, கொன்ஸ்ரன்ஸின்ர பேர்."

விரல் நின்ற இடத்தில், 'பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம்' என்றிருந்தது.

கொன்ஸ்ரன்ஸ் அந்த விரலைப் பிடித்து மேலே நகர்த்தினாள். "இவருக்குக் கண் மங்கிப்போச்சு. மூட்டை தெரியுது, எழுத்துத் தெரியேல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினது. துறைமுகக் கந்தோருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம், யோசெப்பின் அக்கா."

போயும் போயும் என்னிடம் சொல்ல வேண்டிவந்ததே என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது.

நான்கு வருடம் வாயை அடக்கினேன். என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். யன்னல் திறந்தே இருந்தது. கதிரையில் அவர் வாய் பிறகு அசையவில்லை. நாடகத்தைப் பற்றி யாராவது புகழ்ந்தால் கொன்ஸ்ரன்ஸ் உள்ளே போய்விடுவாள்.

அவர் பென்சன் எடுத்த மறுநாளே குழாயடிக்கு ஓடினேன்.

"ராசா நாடகம் ஒஸ்வால்ட் எழுதினது! அவள் கொப்பியில ஏத்தினது மட்டும்தான்!"

வரிசையில் முன்னால் நின்ற ராக்கம்மா வாளியைக்கூட நகர்த்தவில்லை.

"பாவம் பாத்துப் பேசுறீங்களாக்கும். எழுத்து பொம்பளையோடதுன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.