எல்லாச் சாவிக்கும் திறந்த கார்

காளியண்ணனின் காரை மலைமேல் எடப்புளி நாட்டு ஊர்களிலுள்ள எந்தச் சாவியும் திறக்கும், காளியண்ணனின் சாவியைத் தவிர. பீரோ சாவி, மிளகு அறைச் சாவி, பள்ளிக்கூடக் கக்கூஸ் சாவி, எதுவானாலும் சரி. கார் பழசு. பூட்டு தேய்ந்துவிட்டது, சாவியில் சிப்பும் கிடையாது, அளவாக எதை நுழைத்தாலும் திறக்கும், பூட்டை மாற்றுங்கள் என்று காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் முதலிலேயே சொன்னார். மனுஷன் கேட்டால்தானே? வாரத்தில் இரண்டு நாள் மனைவி ருக்குமணியை ரத்தம் சுத்தம் செய்ய நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இறக்கியாக வேண்டும். கார் களவு போனால் அவள் கதி அதோகதி. எனவே சாமியிடம் போனார். களவுக்குப் பயந்தவர்கள் அம்மன் சூலத்தில் புதுப்பூட்டு ஒன்றைப் பூட்டிவிட்டு வருவது அங்கே வழக்கம். பூட்டு வாங்கவும் மனசு வராமல், வீட்டில் சும்மா கிடந்த காரின் இரண்டாவது சாவியைக் கட்டிவிட்டு வந்தார். சூலத்தில் கட்டியது சாமிக்குச் சொந்தம், சாமியுடையது நாட்டுக்கே பொது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து அவர் சாவி திரும்பவில்லை; இரவல் வாங்கிய சாவியும் அவர் கைக்குத் திரும்பவில்லை. ஊரார் சாவியெல்லாம் திரும்பியது. பக்கத்துக் காட்டு பிரேம் பலாப்பழம் ஏற்றிப் போனான். "ஏனுங்க மாமா, உங்க வண்டிதானுங்களே, நீங்களும் ஏறிக்கோங்க" என்று அவரையே கூப்பிட்டான். சூலத்துச் சாவியை அவிழ்க்கப் போனால் அது இரும்போடு இரும்பாக வேர்விட்டிருந்தது. ஆஸ்பத்திரி நாளில் யாரையாவது கெஞ்சிக் கூட்டிவர வேண்டும். ஆள் கிடைக்காத வாரம் ருக்குமணியின் முகம் வீங்கியது.

ஒரு ஆஸ்பத்திரி நாளில் ஊரே திருவிழாவுக்குப் போய்விட்டது. காளியண்ணன் சாவியைத் திருகித் திருகி விரல் கன்றி, கார் கதவில் சாய்ந்து அழுதார். ருக்குமணி தாலிக்கயிற்று ஊக்கிலிருந்து தன் டிரங்குப்பெட்டிச் சாவியைக் கழற்றினாள்.

"தள்ளுங்க. அழுதா தொறந்துருமாக்கும்?"

கதவு திறந்தது. எஞ்சினும் கிளம்பியது. ஓட்டுவது காளியண்ணன் என்று காருக்குத் தெரிந்ததோ என்னவோ, அவள் கை சாவியை விட்டதும் நின்றது.

இப்போதெல்லாம் அப்படித்தான் இறங்குகிறார்கள். அவர் ஓட்டுகிறார், அவள் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை நீட்டிச் சாவியைப் பிடித்திருக்கிறாள். அவள் கண் சொக்கினால் வண்டி நின்றுவிடும். அதனால் வளைவுக்கு வளைவு ஊர்வம்பு பேசுகிறார்.

"தூங்கீறாத கண்ணு. மாதம்மா சம்பந்தி ஊட்டுல நடந்த கூத்து தெரியுமா?"

"சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

போன மாதத்தைவிட இந்த மாதம் வண்டி அதிகம் நிற்கிறது. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை; அவள் விழிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.