பதினெட்டாம் டோக்கன்

நகரத்தை ஒட்டிய அந்த வனப்பூங்காவின் வாசலில் ஓர் ஆணிப் பலகை உண்டு. குன்றில் ஏறி இறங்கும் வட்டப்பாதையில் நடக்க வருகிறவர்களுக்குக் காவலர் ஆளுக்கொரு டோக்கன் கொடுப்பார். ஆறு கிலோமீட்டரையும் சுற்றிவிட்டு வந்ததும் அவரவர் டோக்கனை அவரவர் எண்ணுள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். காவலர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறுவார்.

காலை ஆறேகாலுக்கு அக்கா வாசலில் வந்து நின்றபோது அவர் கேட்டைத் திறந்து கொக்கி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் தம்பி ராத்திரி வீட்டுக்கு வரலை."

"எந்தத் தம்பி? வாரா வாரம் உங்க பின்னாடியே வருவாரே, நெஞ்சுல ஆபரேஷன் பண்ணினவர்?"

"அவன்தான். மாடியில தனியா இருக்கான். இப்ப டீ எடுத்துக்கிட்டுப் போனேன், பூட்டு தொங்குது. போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

காவலர் பலகையைப் பார்த்தார். நாற்பது ஆணி, நாற்பது டோக்கன்.

"உங்களுக்குப் பதினேழு, அவருக்குப் பதினெட்டு. இதோ ரெண்டும் இருக்கு. எண்ணிப் பார்த்துட்டுத்தான் பூட்டினேன். அவர் கீழ இறங்கிட்டாரும்மா. இறங்கினப்புறம்தான் எங்கயோ போயிருக்கார்."

அக்கா பதினெட்டாம் ஆணியைப் பார்த்தாள்.

பதினெட்டை மாட்டியது அவள்தான். கண்ணாடி, குடை, பஸ் பாஸ் என்று கையில் கொடுத்ததையெல்லாம் தொலைக்கிறவன் சின்னவன். அதனால் இரண்டு டோக்கனும் எப்போதும் அவள் கைப்பையில்தான் இருக்கும். நேற்று, பாதையோரம் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக நட்ட கற்களில் ஏழாவது கல்லருகே உட்கார்ந்தபோதுதான் பேச்சு முற்றியது.

"இதோட நாலு பிஸ்கட். டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னார். பிஸ்கட்டை எண்ண ஆள் வெச்சுக்கச் சொல்லலை."

"எண்ணலைன்னா நீ பாக்கெட்டோட முழுங்குவே."

"ஆபீஸ்ல எனக்குக் கீழ ஒன்பது பேர் வேலை பார்க்கிறாங்க. இங்க வந்தா மட்டும் நான் மூக்கு ஒழுகுற பையன்."

"அந்த மூக்கைத் துடைச்சுவிட்டவ சொல்றேன். மூடி உள்ள வை."

"நீ போக்கா. உன் முதுகைப் பார்த்துக்கிட்டே நடந்தது போதும். நான் மெதுவா வந்துக்கிறேன்."

அவள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். வாசலுக்கு வரும்போது ஆறுக்குப் பத்து நிமிஷம். ஒரு டோக்கனை மட்டும் மாட்டினால் காவலர் ஏறிவிடுவார். போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. தாமதமாக வந்தவனை அவர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற கூட்டம் பார்த்துச் சிரித்தது. இரண்டு நாள் சின்னவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து நிமிஷத்தில் வந்துவிடுவான், எதற்கு இன்னொரு அவமானம் என்று பதினெட்டையும் மாட்டிவிட்டாள். கோபம் தீராததால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். இரவு மாடியில் விளக்கு எரியவில்லை. முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று நினைத்தாள்.

காவலர் வயர்லெஸ்ஸில் சொன்னதும் ஜீப்பில் வன அதிகாரி வந்தாள். சின்ன வயதுப் பெண். கூட இரண்டு பேர்.

"டோக்கன் இருக்கில்ல? அப்ப மேல நேரத்தை வீணாக்க வேண்டாம். கார் நிறுத்துற இடம், பஸ் நிறுத்தம், ரோட்டோரக் கால்வாய், எல்லாத்தையும் பாருங்க. நான் ஆஸ்பத்திரிகளுக்கு போன் போடுறேன். அம்மா, நீங்க இங்கயே உட்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். நண்பன் எவன் வீட்டுக்காவது போயிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த நண்பன் என்று யோசித்தாள். ஒருவன்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணே, மேலயும் ஒரு தடவை பார்த்தா என்ன?"

"இருக்கிறதே நாலு பேரும்மா. டோக்கன் கீழ இருக்க, ஆள் மேல எப்படி இருப்பார்?"

சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார். "வேற யாராவது மாத்தி மாட்டியிருப்பாங்களோ?"

"யாருக்குத் தெரியும்" என்றாள்.

கால்வாயில் குச்சியை விட்டுத் துழாவுவது அங்கிருந்தே தெரிந்தது. காவலர் பலகைக்கு முன்னால் போய் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து மறுபடி எண்ணினார். நாற்பதுதான் வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"எண்ணாதீங்கண்ணே. நான்தான் மாட்டினேன்."

"எதை?"

"பதினெட்டை. அவன் இறங்கவே இல்லை. ஏழாவது கல்லுகிட்ட விட்டுட்டு வந்தேன்."

காவலர் திரும்பி அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பது. வயர்லெஸ்ஸை எடுத்து, "மேடம், மேல பார்க்கணும். ஏழாவது கல்லு. கடைசி கல்லுப் பக்கமா ஏறினா கிட்டக்க" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரியும் ஆட்களும் ஓடிவந்து, ஏறத் தொடங்கியிருந்த காவலரையும் அக்காவையும் கடந்து போனார்கள். ஏறும் இடத்தில் 'நடுத்தர சிரமம்' என்று பலகை வைத்திருந்தார்கள். இரவு பெய்த மழையில் சருகெல்லாம் வழுக்கியது.

"என்னைத் திட்டுங்கண்ணே."

"மூச்சை நடக்கிறதுக்கு வெச்சுக்குங்க."

"அவன் முகம் வாடக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

"காலைப் பார்த்து வைங்கம்மா. நீங்களும் விழுந்தா தூக்க ஆள் கிடையாது."

பத்தாவது கல்லருகே அவள் வழுக்கினாள். காவலர் நிற்கவில்லை, கையை மட்டும் பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

எட்டாவது கல்லைத் தாண்டிய வளைவில், பாதையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, அவர்கள் மூன்று பேரும் குனிந்திருந்தார்கள். சின்னவன் குப்புறக் கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சரிவிலிருந்து அவன் பாதையை நோக்கி ஊர்ந்த தடம் ஈர மண்ணில் நீளமாகத் தெரிந்தது. விரல் நகங்களில் மண்.

அதிகாரி அவனைப் புரட்டிக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி மறுபடி வைத்தாள். மார்பை அழுத்தினாள். ஆட்கள் மாற்றி மாற்றி அழுத்தினார்கள். கடைசியில் ஒருவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

அக்கா சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கி அவன் சட்டைக்குள் கையை விட்டாள். நெஞ்சு ஈரமாக, ஜில்லென்று இருந்தது. அக்குளில் இன்னும் சூடு இருந்தது.

"ராத்திரியே முடிஞ்சிருக்கும்மா" என்றார் காவலர். "மழை வேற, குளிர் வேற. அவருக்கு நெஞ்சும் சரியில்லை."

"இங்க கை வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே."

அவர் வைக்கவில்லை.

ஸ்ட்ரெச்சருக்கு ஆள் போனது. அதிகாரி நோட்டை எடுத்தாள். "பலகையில டோக்கன் இருந்தும் மேல தேடணும்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"நாப்பதும் இருந்துச்சு மேடம்" என்றார் காவலர். "எனக்கு என்னமோ சரியாப் படலை."

"சரியாப் படலைன்னா? ஆள் முகத்தைப் பார்த்துத்தான் மாட்ட விடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யார் மாட்டினாங்கன்னுகூடத் தெரியாதா உங்களுக்கு?"



"அவரைக் கேட்காதே தாயி" என்றாள் அக்கா. "மாட்டினது நான். ஆறேகாலுக்கு வந்தேன். ஏழு ஐம்பதுக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன்."

பேனா நின்றது. "ஒன்றரை மணி நேரம் எங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களே. ஏன் சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு."

"அதை நான் எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதுறது?"

"சொன்ன மாதிரியே எழுது."

அதிகாரி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினாள். அக்கா சட்டைக்குள்ளிருந்து கையை எடுக்காமல், அந்தச் சூடு ஆறிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி இருந்தாள்.