மிஞ்சிய ஸ்க்ரூ

வெட்டி வைத்த நர்ஸ் சீருடைகள் மேசையில் குவிந்து கிடக்க, தையல்காரியின் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி ஆர்டர். வெள்ளிக்கிழமை கொடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போய்விடும்; அதை நம்பித்தான் இந்தக் கடையையே வாடகைக்கு எடுத்திருந்தாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

கடைசியில் இணையத்தில் தையல் மெஷின்காரர்களின் குழு ஒன்றில் படத்தோடு எழுதிப் போட்டாள். ஆமை என்ற பெயரில் ஒருவர் பதில் சொன்னார். பெயருக்கேற்ற ஆள்தான். ஊசியை மாற்றிப் பார்த்தீர்களா என்றார். அரை நாள் கழித்து, அறுந்துபோவது மேல் நூலா கீழ் நூலா என்றார். பிறகு அடித்தட்டைக் கழற்றி இன்னொரு படம் போடச் சொன்னார். போட்டாள். அதற்கும் ஒரு கேள்வி வந்தது. இவளுக்கோ மூக்குக்கு மேல் கோபம். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சும்மா கேள்வி கேட்டு என் நேரத்த வீணாக்காதீங்க" என்று எழுதிவிட்டாள்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "ஏன்க்கா, அந்த மனுஷனுக்கு நீ சம்பளமா குடுக்குற?"

அதற்குப் பிறகு ஆமையிடமிருந்து சத்தமே இல்லை. வியாழன் காலையில் வரிசையாகப் படங்கள் வந்தன. யாருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையோ. விரித்த துண்டின் மேல் இவளுடையதைப் போலவே ஒரு மெஷின், அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது.

"என்கிட்டயும் இதே மெஷின்தான். நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. வெளிய இருந்து பாத்து எதுவும் புரியல, அதான் கழட்டிட்டேன். படத்துல வட்டம் போட்டுக் காட்டியிருக்குற கொக்கிய பாருங்க, நூலப் பிடிக்கிறது அதுதான். உங்களோடது கொஞ்சம் தள்ளி நிக்குது."

முகம் தெரியாத ஒருத்திக்காக, அதுவும் முகத்தில் அடித்தாற்போல் பேசியவளுக்காக, ஓடுகிற மெஷினை ஒருவர் பிரித்துப் போடுவாரா? உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா? படத்தைப் பார்த்துக் கொக்கியை நகர்த்தி, அடித்தட்டை மூடித் திருகினாள். ஓட்டிப் பார்த்தாள். நூல் அறுந்துபோகவில்லை.

அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நன்றி என்ற சொல் போதவே இல்லை, அதையே இரண்டு முறை போட்டாள். ஆமை அதிசயமாக உடனே பதில் எழுதினார்.

"பரவாயில்லீங்க. திருப்பி மாட்டினதுல எனக்கு ஒரு ஸ்க்ரூ மிஞ்சிடுச்சு. எங்க போகும்னு தெரியல. உங்க வேலையெல்லாம் முடிஞ்சப்புறம், மெதுவா, உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க."

தைக்க வேண்டியது மலையாகக் கிடந்தது. தங்கை அடுத்த சீருடையை நீட்டினாள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.