நாலரைக் கட்டை

குருத்தோலை ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு, கையில் ஓலையோடு இருநூற்றைம்பது பேர் நின்றிருக்க, புகழேந்தி ஒரு பாட்டைக் கொன்றான். ஆயுதம், கீபோர்டின் வலது மூலையில் இருந்த ஒரு சின்னப் பித்தான். அதை அமுக்கினால் மொத்த வாத்தியத்தின் சுருதியும் ஏறும். வாசிப்பவனின் விரல் வழக்கமான இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் மாடி ஏறிவிடும்.

முந்தின நாள் அதே கீபோர்டோடு அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண வரவேற்பு. அங்கே பாட வந்த பையனுக்குக் குயில் தொண்டை. அவனுக்காக நாலு தடவை அமுக்கி ஏற்றி வைத்ததை இறக்க மறந்துபோனான் புகழேந்தி. ரெண்டு கட்டையில் பாட வேண்டிய பாட்டு நாலரைக் கட்டையில் கிளம்பியது. வித்தியாசம் தெரிய வேண்டாமா என்று கேட்டால், தன் காதைப் பற்றி அவனுக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. கண்ணாடி மாட்டிக்கொள்ள முளைத்தது என்பான். தவிர, அன்று தூக்கம் வேறு.

முதல் சரணத்தில் ஆண்கள் கீழே இறங்கித் தப்பித்தார்கள். இரண்டாம் சரணத்தில் பாதிப் பெண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். மூன்றாம் சரணம் எழிலரசி அக்கா தனியாகப் பாட வேண்டியது. ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். புருஷன் போய்ப் பதினோரு வருஷம், மகன் பெங்களூரில். ஒவ்வொரு வாரமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறிப் பாட வருகிறவர். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஆறாம் வார்த்தைக்குப் பிறகு வரும் தனிப்பாட்டு இருபத்தாறு வருஷமாக அவருடையது. சபையில் அவருக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

உச்ச வரியில் அவர் குரல் இரண்டாகக் கிழிந்தது. ஒரு பாதி மேலே நின்றது, மறு பாதி கீழே விழுந்தது, நடுவில் ஒரு சேவல் கூவியது. இளைஞர் வரிசையில் தோள்கள் குலுங்கின.

ஆராதனை முடிந்து பாடகர் அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை உடைக்க வேண்டியது தன் கடமை என்று புகழேந்தி நினைத்தான். எந்த மௌனத்தைப் பார்த்தாலும் அப்படி நினைப்பது அவனுக்கு வியாதி.

"அக்கா மலையேறிட்டாங்கப்பா" என்றான். "வனத்துறைல அனுமதி வாங்குனாங்களானு கேளுங்க."

விளக்கு அணைந்தாலும் மலையேறிவிட்டது என்றுதான் இந்த ஊரில் சொல்வார்கள். இரண்டு அர்த்தமும் சேர்ந்து விழ, அறை அதிர்ந்தது. எழிலரசி அக்காவும் சிரித்தபடியே பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

கீபோர்டை உறையில் போடும்போதுதான் புகழேந்தி அதன் சின்னத் திரையைப் பார்த்தான். கூட்டல் குறி, பக்கத்தில் நாலு. விரல் தானாகப் போய் அதைப் பூஜ்ஜியமாக்கியது. மூளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

சாயங்காலத்துக்குள் அந்தச் சேவல் வாட்ஸ்அப்பில் கூவ ஆரம்பித்தது. நேரலையிலிருந்து வெட்டி எடுத்த ஏழு விநாடி; கீழே 'மலையேறிட்டாங்க' என்று எழுத்து. அவன் நகைச்சுவை அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் சபைக் கீபோர்டு கோயில் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் தீர்மானம். இதற்கு முன் வாசித்த சின்னசாமி அந்தத் தீர்மானத்தால்தான் வெளியே போனான்; அந்த ஓட்டை வழியாகத்தான் புகழேந்தி உள்ளே வந்தான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் தபால் பிரிவில் அவனுக்கு வேலை. அங்கே அவன் லீவு போட்டால் மேஜை மேல் பையை வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது என்று பக்கத்து சீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். இங்கே மட்டும், அவன் விரல் வைக்காமல் இருநூற்றைம்பது பேர் வாயைத் திறக்க முடியாது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாடகர் பயிற்சி. குழுவை நடத்துகிறவர் மாறன் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சத்தம் போட்டு யாரையும் திட்டியது கிடையாது. திட்ட வேண்டியவர்களுக்காக எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி ஜெபிப்பார்.

"எழிலக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாஸ்டர். "ஞாயித்துக்கிழமை நடந்தத பத்தி சபைல கேக்குறாங்க. எல்லார் முன்னாடியும் ஒருவாட்டி பாடிக் காட்டிட்டீங்கனா, கேக்குறவங்க வாய அடைச்சிடலாம்."

"பாடுறேன் மாஸ்டர்."

புகழேந்திக்கு உடம்பெல்லாம் லேசானது. சுருதி இப்போது பூஜ்ஜியத்தில் இருக்கிறது. ரெண்டு கட்டையில் அக்கா தூக்கத்தில்கூடப் பாடுவார். தான் வாயைத் திறக்காமலே கடவுள் தன் குப்பையைக் கூட்டி அள்ளுகிறார் என்று நன்றியோடு வாசிக்க ஆரம்பித்தான்.

"இரு தம்பி."

மாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தார். குனிந்து அந்தப் பித்தானை அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கணக்கு வாத்தியார், எண்ணிக்கை தப்பவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாசிச்சியே, அதே சுருதில வாசி. அதுல தானே பிரச்சனை வந்துச்சு" என்றார். பிறகு அவன் காதுக்கு மட்டும், அதே கனிவோடு, "அடி அண்ணாமலைல கச்சேரி ஜோரா இருந்துச்சாமே" என்றார்.

புகழேந்தி சிரித்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. முகம் பழக்கத்தில் செய்தது. பிறகு வாசித்தான்.

எழிலரசி அக்கா முதல் சுரம் கேட்டதும் அவனை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவை. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு பாடினார். உச்ச வரி வந்தது, குரல் கிழிந்தது. பின்வரிசையில் ஒருவன், "மலை, மலை" என்று மெதுவாகச் சொன்னான். அவன் பக்கத்தில் இருந்தவன் இருமுவது போல் சிரித்தான்.

"ரேவதி, நீ வாம்மா" என்றார் மாஸ்டர். அவருடைய மருமகள். கல்யாணமாகி வந்து எட்டு மாதம். "புது பொண்ணு, பயப்படும். புகழு, சுருதிய பழையபடி எறக்கிக் குடு."

அவனே இறக்கினான். நாலு அமுக்கு. ரேவதி பாடினாள், பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. பித்தான் பாஷை தெரியாதவர்கள் தலையாட்டினார்கள். காது உள்ள இரண்டு மூன்று பேர் பாட்டுப் புத்தகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டவர் உங்கள வேற ஊழியத்துக்கு அழைக்கிறாருக்கா" என்றார் மாஸ்டர். "பீடத்துக்குப் பூ வைக்க ஆளே இல்ல."

"பெரிய வெள்ளிக்குப் பீடத்துல பூ வைக்க மாட்டாங்களே மாஸ்டர்."

"ஈஸ்டருக்கு வைங்க."

"அப்போ வெள்ளிக்கிழமை பாட்டு?"

"ஜெபத்துல வச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர். அந்தச் சபையில் இதற்கு 'கிடையாது' என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரியும். எழிலரசி அக்கா பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

புதன்கிழமை புகழேந்தி அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆயர் வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம், வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிட்டது.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒருத்தன் தப்பு பண்ணி, இன்னொருத்தர் தண்டனை அனுபவிச்சா..."

"அதுதானே தம்பி பெரிய வெள்ளியோட செய்தியே" என்றார் ஆயர், மகிழ்ந்துபோய். "நல்லா யோசிக்கிற. பிரசங்கத்துல சேத்துக்கிறேன்."

"இல்லீங்க ஐயா, நான் எழிலக்கா பாட்டு விஷயமா..."

"அது மாஸ்டர் பொறுப்பு. நான் தலையிட்டா நல்லா இருக்காது. ஜெபத்துல வைப்போம்."

காபி கொடுத்தார்கள். குடித்தான். அங்கிருந்து நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனான். மாஸ்டர் வாசலில் நின்றபடியே பேசினார்.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சுருதி ஏறி இருந்தது ஞாயித்துக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் தம்பி."

"நான் உங்கள கேக்குறேன்."

"நீயும் ஜெபம் பண்ணு. கீபோர்டு ஆண்டவர் உனக்குக் குடுத்த தாலந்து. அத இழந்துடாத" என்று சொல்லி, அவன் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார்.

அன்று எழிலரசி அக்காவுக்குப் போன் செய்தான். மணி அடித்ததும் கட் செய்தான். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்து, நாலு தடவை அழித்து, கடைசியில் அவன் அனுப்பியது 'ஆசீர்வாதமான நாளாக அமையட்டும்' என்று எழுதிய ஒரு புறாப் படம். அவர் அதைப் பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. புறாவுக்கு யார்தான் பதில் போடுவார்கள்.

பெரிய வெள்ளி அந்த வருஷம் பௌர்ணமியோடு முட்டிக்கொண்டு வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். எழிலரசி அக்கா அங்கிருந்து நடந்தே வந்தார். வெறுங்காலோடு எதிரே வந்த ஆயிரம் பேருக்கு நடுவில் நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையோடு நடந்து வந்து, ஆராதனை தொடங்கும் பன்னிரண்டு மணிக்கு முன்பே உள்ளே நுழைந்தார். அது பாடகர் குழுப் புடவை. பாடகர் வரிசையில் அவர் நாற்காலியில் ரேவதி இருந்தாள். அக்கா ஒரு நொடி நின்றார். மாஸ்டர் அவரைப் பார்த்துப் புன்னகைத்து, சபையார் பக்கம் கையைக் காட்டினார். இருநூற்றைம்பது பேர் பார்க்க அக்கா திரும்பி நடந்து மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்துப் பெண்மணி, "பாடலியாக்கா?" என்று கேட்டது கீபோர்டு வரைக்கும் கேட்டது.

ஆயர் சொன்னபடியே அவன் சந்தேகத்தைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஆறாம் வார்த்தை முடிந்தது. ரெண்டு கட்டை. புகழேந்தி திரையை மூன்று தடவை சரிபார்த்தான். மாஸ்டர் மருமகளுக்கு மட்டும் அவ்வளவு கவனம். பித்தானை அமுக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அந்தப் பெண் என்ன செய்தாள், பாவம். கொடுமை என்னவென்றால், ரேவதி நன்றாகவே பாடினாள். மூன்றாம் பெஞ்சில் எழிலரசி அக்காவின் உதடு மூடியே இருந்தது. தொண்டை மட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்கியது.

மூன்று மணிக்கு வேப்பமரத்தடியில் கஞ்சி ஊற்றினார்கள். அக்கா டம்ளரோடு சுவர் ஓரமாகத் தனியாக நின்றார். மலையேறின கதை தெரிந்தவர்கள், என்ன பேசுவது என்று தெரியாமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். புகழேந்தி தன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போனான்.

"கஞ்சில உப்பு கம்மிக்கா. சமையல்காரனும் நோன்பு போல."

"சரியாதான் இருக்கு."

"பஸ் எங்க நிறுத்துனான்?"

"நடக்குற தூரத்துல தான்." அக்கா ஒரு வாய் குடித்தார். "இன்னா சொல்ல வந்தியோ அத சொல்லு புகழு."

அவன் சொன்னான். கல்யாண வரவேற்பு, பித்தான், கூட்டல் நாலு, பூஜ்ஜியமாக்கியது, செவ்வாய்க்கிழமை மாஸ்டர் ஏற்றியது, தான் இறக்கியது. நடுவில் ஒரு ஜோக் வாய் வரை வந்தது, விழுங்கினான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"தெரியும்" என்றார் அக்கா.

"செவ்வாக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமையே. முத வரிலயே. இருபத்தாறு வருஷமா பாடுறேன், நாலரைக் கட்டை எதுனு தெரியாதா எனக்கு?"

"அப்போ ஏன்க்கா நீங்க சொல்லல?"

"கெழவி தொண்டை போச்சு, கீபோர்டு மேல பழி போடுறானு சொல்லிட்டுப் போவாங்க. வாசிச்சவன் சொன்னாதான் எடுபடும். அதான் பாடகர் ரூம்ல உன் மூஞ்சியவே பாத்துனு இருந்தேன். நீ வாயத் தொறந்த. சொல்லப் போறான்னு நெனச்சேன்." அக்கா டம்ளருக்குள் பார்த்தார். "மலையேறிட்டேன்னு சொன்ன."

மதிலுக்கு வெளியே கிரிவலக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, காணாமல் போன யாரோ ஒருவரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இப்போ போயி கமிட்டில சொல்லிடுறேன்க்கா. கீபோர்டு போனா போவட்டும். திரும்ப உங்கள சேத்துப்பாங்க இல்ல?"

"மாட்டாங்க. செவ்வாக்கிழமை சொல்லி இருந்தா சேத்து இருப்பாங்க. இப்போ அந்தப் பொண்ணு பாடிடுச்சு. நல்லாவும் பாடிடுச்சு. இனிமே எனக்காக எவனும் மாஸ்டரப் பகைச்சுக்க மாட்டான்." அக்கா டம்ளரைக் கழுவி, அடுக்கின டம்ளர்கள் மேல் கவிழ்த்தார். "நீ போயி சொன்னா உன் மனசு ஆறும். அதுக்கு வேணா சொல்லு."

அவர் புறப்பட்டார். புகழேந்தி கேட் வரை கூடவே போனான். இந்த நாளில், இந்த இடத்தில், ஆயர் மூன்று மணி நேரம் மன்னிப்பைப் பற்றியே பேசிய பிறகு, ஒரு கிறிஸ்தவப் பெண்மணி என்ன பதில் சொல்ல முடியும் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தான். அந்தத் தைரியத்தில்தான் கேட்டான்.

"என்ன மன்னிச்சிட்டீங்களாக்கா?"

எழிலரசி அக்கா நின்றார். பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, அவன் முகத்தை நேராகப் பார்த்தார். குரலில் கோபமில்லை, ஒரு பிசிறும் இல்லை.

"இல்ல புகழு. மன்னிக்கல."