நித்திரையாப் போனவர்

றொபேர்ட்டுக்கு மூன்று ஊர்களில் சபை, ஓடித்திரிய ஒரே ஒரு பழைய கார். ஒரு சனி அல்பர்ட்ஸ்லுண்ட், அடுத்த சனி ஓகூஸ், அதற்கடுத்த சனி எஸ்பியர்க். நாலாவது சனி மனைவிக்கு என்று பேச்சு. ஆனால் அந்தச் சனியில்தான் யாருக்காவது வீட்டு ஜெபம் வரும், இல்லையென்றால் யாராவது விழுந்து காலை முறிப்பார்கள். மனைவி அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார். வாரநாட்களில் ஓகூஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. கடவுள் வேலைக்குச் சம்பளம் கிடையாது. இந்த மூன்று ஊரையும் அவர் 'என்ர சேகரம்' என்பார். இலங்கையில் மெதடிஸ்த சபைகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு போதகரின் கையில் கொடுத்தால் அதற்குச் சேகரம் என்று பெயர். டென்மார்க்கில் அப்படி ஒன்றை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார்.

காருக்குக் குதிரை என்று பெயர் வந்ததும் அவராலேயேதான். ஒருமுறை எஸ்பியர்க்கில் பிரசங்கம் பண்ணும்போது, அந்தக் காலத்து மெதடிஸ்த பிரசங்கிமாரைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்குக் கோயில் இல்லை, வீடு இல்லை. குதிரையில் ஊர் ஊராகப் போவார்கள். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு மேலே இருந்தபடி புத்தகம் வாசிப்பார்கள், குதிரை தன் பாட்டில் வழி கண்டுபிடித்துப் போகும். ஆர் கதவு திறக்கிறார்களோ அங்கே படுக்கை. மழையிலும் காய்ச்சலிலும் அலைந்து கனபேர் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். இதைச் சொல்லும்போது றொபேர்ட்டின் குரல் தழுதழுத்தது. அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஐயாவின்ர குதிரை பெற்றோலிலயோ டீசலிலயோ ஓடுது?"

ஹோல் முழுக்கச் சிரித்தது. கேட்டவர் சிறீஸ்கந்தராசா. எஸ்பியர்க் சபை கூடுவது அவருடைய வீட்டில்தான். மனைவி கிருபாமலர் மெதடிஸ்த குடும்பத்துப் பெண்; அவரோ நெற்றியில் திருநீறு இல்லாமல் மீன் ஃபாக்டரி வேலைக்குக்கூடப் போகாதவர். ஆராதனை நடக்கும் நேரம் முழுக்கக் குசினியில் இருந்து வெங்காயம் வெட்டுவார், தேத்தண்ணி வைப்பார். கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் ஜெபம் முடியும்வரை ஹோலுக்குள் ஒரு காலைக்கூட வைக்கமாட்டார்.

றொபேர்ட்டுக்கு அந்தக் கதவில்தான் கண். இத்தனை வருட ஓட்டத்தில் அவர் மேய்த்ததெல்லாம் ஏற்கெனவே நம்பினவர்களைத்தான். அவர்களுடைய பிள்ளைகளோ டேனிஷுக்குள் போய்விட்டார்கள், பாட்டுப் புத்தகத்தையே வாசிக்கத் தெரியாது. புதிதாக ஒரே ஒரு ஆள், அதுவும் அந்தக் குசினிக் கதவால் வந்து ஹோலில் இருந்துவிட்டால், தான் ஓடினதெல்லாம் வீணில்லை என்று அவருக்கு ஒரு ஆசை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அப்படியிருக்க, அல்பர்ட்ஸ்லுண்ட் ஆராதனை முடிந்து சோற்றுக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் எஸ்பியர்க்கில் இருந்து கிருபாமலர் போன் எடுத்தார்.

"ஐயா, டொக்டர்மார் இனி மருந்தில்லை எண்டு இவரை வீட்டை விட்டிட்டினம். இவருக்கு உங்களோட ஏதோ கதைக்கவேணுமாம். இண்டைக்கே வரட்டாம்."

"என்ன கதையாம் அக்கா?"

"எனக்குச் சொல்லேல்லை. உங்களிட்டத்தான் சொல்லுவாராம்."

றொபேர்ட் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். பெரிய பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவருக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. மனுசன் என்ன சொல்லப்போகிறார்? மருந்து கைவிட்ட பிறகு போதகரை, அதுவும் உடனே வரச்சொன்னால், அது வேறென்னவாக இருக்கும்? ஒருவேளை காரைப் பற்றி ஏதும் நக்கல் அடிக்கத்தானோ? செத்துக்கொண்டிருக்கிற ஆள் நக்கலுக்காகக் கூப்பிடுவாரா? சிறீஸ்கந்தராசா கூப்பிடக்கூடியவர்தான்.

பாலம் தாண்டி டீசல் அடிக்க நிற்பாட்டினபோது போனில் ஒரு குரல் செய்தி கிடந்தது. சிறீஸ்கந்தராசாவின் மகள் தனுசியா, டென்மார்க்கிலேயே பிறந்த பிள்ளை. குரல் கரகரத்து, மூக்கு அடைத்திருந்தது.

"ஐயா, அப்பா நித்திரையாப் போயிட்டார். இனி அவசரப்படத் தேவையில்லை. மெல்ல வாங்கோ."

வேறு யாரும் கேட்டிருந்தால், சரி, மனுசன் படுத்திட்டார், ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருப்பார்கள். போதகரின் காதில் அது அப்படி விழவில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எத்தனை மரண அறிவித்தலை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்! விசுவாசி சாவதில்லை, நித்திரைதான். சைவ வீட்டுச் சாவு என்றால் மோசம் போயிட்டார் என்பார்கள், சிவபதமடைந்தார் என்பார்கள். நித்திரை என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளை நித்திரை என்று சொல்கிறாள் என்றால், தான் வந்து சேர முதலே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார்.

திருப்பிப் போன் அடித்தார். தனுசியா எடுக்கவில்லை. கிருபாமலரும் எடுக்கவில்லை. செத்தவீட்டில் ஆர் போன் எடுப்பார்கள்?

றொபேர்ட் காரில் சாய்ந்தபடி நின்றார். ஒரு நல்ல மனுசன் போய்விட்டான், கடைசி முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை என்று நெஞ்சு அடைத்தது. அதே நெஞ்சுக்குள் ஒரு சந்தோசமும் எழும்பியது. சந்தோசப்பட்டதற்கு வெட்கம் வந்தது. வெட்கப்பட்டால் விசுவாசக் குறைவோ என்று அடுத்த பயம். அழுவதா, ஸ்தோத்திரம் சொல்வதா என்று விளங்காமல் இரண்டையும் செய்தார். டீசல் அடித்துக்கொண்டிருந்த டேனிஷ்காரர் ஒருவர் ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். இல்லை, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று றொபேர்ட் சொன்னார்.

பிறகு சேகரத்தின் வட்சப் குழுவுக்குப் பேசினார். "அன்பானவர்களே, எங்கட சிறீஸ்கந்தராசா அண்ணை கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சிட்டார். கடைசி நேரத்தில இரட்சிப்பின்ர கதவு அவருக்குத் திறந்தது."

இந்த இரண்டாவது வசனத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது தானாக வாயில் வந்தது.

மிச்ச வழி முழுக்கப் போனை அணைத்துவிட்டு அடக்க ஆராதனைப் பிரசங்கத்தை யோசித்தார். எஸ்பியர்க்கில் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளியது. கதவைத் திறந்த தனுசியாவின் மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இரும் பிள்ளை. அப்பா நல்ல இடத்திலதான் இருக்கிறார்."

"வா?" என்றாள் தனுசியா.

டேனிஷில் அதற்கு 'என்ன?' என்று அர்த்தம். இத்தனை வருடம் அந்த நாட்டில் இருந்தவருக்கு அது தெரியாததல்ல, அன்றைக்குக் காதில் ஏறவில்லை. துக்கத்தில் பிள்ளை மரியாதையை மறந்து வா என்கிறாள் என்று நினைத்து உள்ளே போனார்.

ஹோலில் கொம்யூன், அதாவது நகரசபை, கொடுத்த கட்டில். அதில் தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்தபடி, நெற்றியில் திருநீறோடு, சிறீஸ்கந்தராசா கரண்டியால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ஐயா. இருங்கோ. செத்தவீடு எண்டு பாக்காதேங்கோ, தேத்தண்ணி வரும்."

றொபேர்ட் கதிரையைத் தேடவில்லை, கதிரைதான் வந்து அவரைப் பிடித்தது. "அண்ணை, நீங்கள்..."

"நித்திரை கொண்டனான். குளிசை போட்டா நித்திரை வரும். எழும்பினா மனுசியின்ர போன் அடிக்குது. எடுத்தன். ஓகூஸ் சபை விக்ரோரியா அழுகிறா. 'அக்கா, அவர் கடைசியில எங்கட ஆளா வந்திட்டாராம், அது பெரிய ஆறுதல்' எண்டுறா. ஆரைச் சொல்லுறியள் எண்டு கேட்டன். என்னைத்தானாம். என்ர குரலைக் கேட்டதும் போனை வைச்சிட்டா, பாவம்."

கிருபாமலர் குசினி வாசலில் நின்றார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தடிமன் ஐயா, அதுதான் மூக்கடைச்சது," என்றாள் தனுசியா. "நித்திரை எண்டா நித்திரைதானே?"

றொபேர்ட்டுக்குக் காது சுட்டது. "பிழை என்னிலதான். இப்பவே திருத்திவிடுறன்," என்று போனைத் திறந்தார். நீளமாக எழுத வரவில்லை. 'சிறீஸ்கந்தராசா அண்ணை எழும்பிட்டார்' என்று அடித்து அனுப்பிவிட்டார்.

போன் துள்ளத் தொடங்கியது. அல்லேலூயா. ஸ்தோத்திரம். மறுபடியும் அல்லேலூயா. அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து ஜெரோசன், பெந்தெகொஸ்தே பக்கம் இருந்து வந்தவன், குரல் செய்தியே அனுப்பினான். "ஐயா, நாங்கள் இங்க எல்லாரும் முழங்காலில நிண்டனாங்கள். மரிச்சவர் எழும்பிட்டார். அவரைச் சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தனுசியா கைலேஞ்சிக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். சிறீஸ்கந்தராசாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை. கிருபாமலர் ஓடிவந்து முதுகைத் தடவினார். இருமல் அடங்கியபோது அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதைக் கதைக்கத்தான் ஐயா உங்களைக் கூப்பிட்டனான்."

றொபேர்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதை அண்ணை?"

"நான் செத்தாப் பிறகு என்ர வாயால ஒண்டும் சொல்லேலாது. பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு நீங்கள் சொல்லுறதுதான் நிலைச்சு நிக்கும். கடைசி நேரத்தில வந்திட்டார் எண்டு ஒரு வசனம் சொல்லிப்போடுவியளோ எண்டு எனக்குப் பயம். சொல்லாதேங்கோ எண்டு கேக்கத்தான் வரச்சொன்னனான். நான் ஒரு நித்திரை கொண்டு எழும்ப முந்திச் சொல்லிப்போட்டியள்."

றொபேர்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார். "அண்ணை, அந்தக் கதவுக்கு வெளியில நீங்கள் நிக்கிறதைப் பாத்துப் பாத்து..." என்று தொடங்கினார்.

"நான் வெளியில நிக்கேல்லை ஐயா," என்றார் சிறீஸ்கந்தராசா. "நான் என்ர வீட்டுக் குசினியில இருந்தனான்."

அவரே பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் போனால் நித்திரை எண்டு சொல்லாதேங்கோ. செத்துப்போனார் எண்டு சொல்லுங்கோ. ஓகூஸில கமலேஸ்வரி எண்டு தேவாரம் படிக்கிற மனுசி இருக்கிறா. வாகனம் இல்லை, தூரம் எண்டு வரமாட்டா. உங்கட குதிரையில ஏத்திக்கொண்டு வாங்கோ. வாக்குத் தாங்கோ."

உங்கட ஆத்துமா என்னாகும் என்ற கேள்வி றொபேர்ட்டின் தொண்டைவரை வந்தது. அவர் கிருபாமலரைப் பார்த்தார். அவராவது தன் பக்கம் நிற்பார் என்று நினைத்தார்.

"ஓமெண்டுங்கோ ஐயா," என்றார் கிருபாமலர்.

"ஓம்," என்றார் றொபேர்ட். அது தன் குரலா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சிறீஸ்கந்தராசா கையை நீட்டி அவருடைய போனை வாங்கிக் குழுவுக்குப் பேசினார். "நான் சிறீஸ்கந்தராசா. சாகவுமில்லை, உயிர்த்தெழும்பவுமில்லை. கஞ்சி குடிக்கிறன்."

இலையுதிர்கால மழை பிடித்த ஒரு நாள் தனுசியா போன் எடுத்தாள். "ஐயா, கார் ஓடுறியளோ? ஓரமா நிப்பாட்டுங்கோ," என்றாள். அவர் நிற்பாட்டும்வரை பொறுத்தாள். "அப்பா செத்துப்போயிட்டார்." தகப்பன் சொல்லிக்கொடுத்த சொல்லை அவள் அப்படியே சொன்னாள், பிறகு உடைந்து அழுதாள். றொபேர்ட்டும் அழுதார். இந்த முறை அந்த அழுகையில் வேறொன்றும் கலக்கவில்லை.

குழுவுக்கு எழுதப் போனால், பழக்கத்தில் 'நி' என்று விரல் பட்டதும் போன் தானாக 'நித்திரையடைந்தார்' என்று எடுத்து நீட்டியது. அவர் அதை அழித்தார். செத்துப்போனார் என்று எழுதினார். ஐயா கொஞ்சம் மரியாதையாக எழுதியிருக்கலாம் என்று விக்ரோரியாவுக்குக் கோபம்.

அடக்கத்தன்று ஓகூஸில் கமலேஸ்வரியைக் காரில் ஏற்றினார். நெற்றி நிறையத் திருநீறும் மடியில் தேவாரப் புத்தகமுமாக அவர் முன் சீட்டில் இருந்தார். வழக்கமாக றொபேர்ட் தன் பிரசங்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிற பாதை அது.

"ஒருக்கால் படிச்சுப் பாக்கட்டோ? உங்களுக்கு ஒரு மாதிரி இராதோ?"

"படியுங்கோ அம்மா."

அவர் படித்தார். நல்ல குரல். கேட்கலாமா, கேட்காமல் றோட்டைப் பார்க்கவேண்டுமா என்று றொபேர்ட்டுக்குத் தெரியவில்லை. கேட்டார். கண்ணாடியில் மழை வழிந்தது. இரண்டு பதிகம் முடிந்ததும் கமலேஸ்வரி புத்தகத்தை மூடிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ. அவர் கடைசியில உங்கட பக்கம் வந்திட்டார் எண்டு ஊர் முழுக்கக் கதை. அப்ப நான் போய்த் தேவாரம் படிக்கிறது சரியோ?"

கஞ்சி குடித்துக்கொண்டு சிறீஸ்கந்தராசா சொன்னது அந்த வட்சப் குழுவைத் தாண்டிப் போகவில்லை. றொபேர்ட் சொன்னது மட்டும் ஊர் முழுக்க ஓடியிருந்தது. இப்போது அந்தக் கதைக்கு ஓம் என்றால் மனுசி காரைத் திருப்பச் சொல்லுவார். அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு ஆள் அவருடைய சேகரத்திலேயே இருந்துவிடுவார். செத்தவர் வந்து கேட்கப் போவதுமில்லை.

"இல்லை அம்மா, அவர் வரேல்லை," என்றார் றொபேர்ட். "அவர் தன்ர வீட்டிலதான் இருந்தவர். நான்தான் அங்க போய் வந்தனான்."

கமலேஸ்வரி தலையாட்டிவிட்டு மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார்.