கண்ணாடியின் சூடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எனக்கு வேலை இல்லை என்றுதான் பேச்சு. காலையில் பெரட்டுக்குப் போய்த் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்காமல், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் முப்பத்து நான்கு வயது ஆளை வேறென்ன சொல்வார்கள்? அம்மா இருந்தவரை எனக்காகச் சண்டை பிடித்தாள். அவள் போய் ஒன்றரை வருடம். இப்போது சில நாட்கள் என் குரலை நானே கேட்பதில்லை.

என் வேலை கழிப்பது. ராட்சத பலூனில் கட்டி மேகங்களுக்கு மேலே பறக்கவிட்ட ஒரு தொலைநோக்கியின் படங்கள் ஜெர்மனியிலிருந்து வரும். குளிர்ந்த தூசி மேகங்கள் வீசும் கொஞ்சநஞ்சச் சூட்டை, தொலை அகச்சிவப்புக் கதிரை, பிடிப்பதற்கான தொலைநோக்கி. தொல்லை என்னவென்றால், சூடுள்ள எதுவும் அந்தக் கதிரை வீசும். தொலைநோக்கியின் கண்ணாடியும்தான். அந்தச் சொந்தச் சூட்டைக் கழித்தால் மிஞ்சுவது வானம்.

போன மாதம் ஒரு மங்கலான திட்டு மிஞ்சியது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது. உள்ளே ஒரு நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கலாம். உறுதியானால் இரண்டு வருட வேலை, இங்கேயே வந்துவிடுங்கள் என்று ஜெர்மனியிலிருந்து குழுத்தலைவி எழுதியிருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தத் திட்டை நாளுக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். பொகவந்தலாவை டவுனுக்குப் போய்ப் பயணப்பெட்டிகூட வாங்கி வந்துவிட்டேன்.

முடிவை அனுப்ப வேண்டிய அன்று பின்நேரம் பக்கத்துக் காம்பரா அழகம்மாக்கா கதவைத் தட்டினார். தேயிலைத் தொழிற்சாலையில் இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையர் பக்கம் வேலை. மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதிலிருந்து அவரும் தனியாள்தான்.

"ரெண்டு நாளா ஒன் வீட்டு அடுப்புல பொகையே காணோம் சுதா. மொகம் ஏன் இப்படி இருக்கு, காச்சலா?"

நெற்றியில் வைக்க வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இரு. இது டிரையர்ல இருந்து வந்த கை. இதால தொட்டா காச்சக்காரன்கூட சில்லுனுதான் இருப்பான்."

வெளியே பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் கையை நன்றாகக் குளிரவைத்து, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தொட்டார். "ஆமா, சுடுது. கொத்தமல்லி அவிச்சுத் தாறேன்" என்று போனார்.

ஒரு மனிதக் கை என்னைத் தொட்டு எத்தனை மாதம்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது. அக்கா பார்த்ததுபோல் என் கையின் சூட்டை நான் பார்க்கவே இல்லை. கண்ணாடியின் வெப்பத்துக்கு முழுப் பறப்பின் சராசரியைப் போட்டிருந்தேன். அந்தத் திட்டு விழுந்த அரைமணி நேரத்துக்குரிய அளவைத் தேடி எடுத்தேன். ஒரு விளிம்பில் வெயில் பட்டு, கண்ணாடியின் அந்த ஓரம் மட்டும் சூடு ஏறியிருந்தது. அதைக் கழித்தேன். திட்டு போய்விட்டது.

சொல்லாமலும் விட்டிருக்கலாம். வேறு யாராவது கண்டுபிடிக்க வருடமாகும். உண்மையைச் சொன்னால், கால்மணி நேரம் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். பிறகு, இல்லாத நட்சத்திரத்தோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்த முடியாது என்று பட்டது. 'அங்கே எதுவும் இல்லை. அது கண்ணாடியின் சூடு. தவறு என்னுடையது' என்று எழுதி அனுப்பினேன்.

அழகம்மாக்கா கொத்தமல்லித் தண்ணியோடு வந்தபோது கண் நேரே பெட்டிக்குப் போனது.

"எப்ப பயணம்?"

"போகலக்கா. நான் பாத்தது அங்க இல்லவே இல்ல."

"அடப் பாவமே" என்றார். முகத்தில் பாவம் எதுவும் இல்லை. சந்தோஷத்தை மறைக்கத் தெரியாத முகம். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் டம்ளரை என்னிடம் கொடுத்தார். பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். டம்ளர் சூடு ஏறிய கையோடு மறுபடியும் பீலிக்குப் போய் நனைத்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காட்டு, கொறஞ்சிருக்கான்னு பாப்போம்."

நெற்றியைக் காட்டினேன்.